கோமதியின் காலுக்கு ஆகாயத்தில் ஓர் இடம்

உங்களுக்கெல்லாம் வேறு சோலியே கிடையாதா? காட்டில் பருத்தி வெடித்து நிற்கிறது, எடுக்க ஆள் இல்லை. குழாயடியில் குடம் நிற்கிறது, பிடிக்க ஆள் இல்லை. ஆனால் கோவில்பட்டிக் கிழவி ஏரோப்பிளேனில் எந்த இடத்தில் உட்கார்ந்து சீமைக்குப் போனாள் என்று தெரியாமல் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. போனது நான், இடுப்பு நொந்தது எனக்கு. நடுவில் உங்களுக்கு என்ன வந்தது? சரி, கேட்டுத் தொலையுங்கள். ஆகாயத்தில் ஒன்றுக்கு வந்தால் எங்கே போவது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அதற்கும் அங்கே ஓர் இடம் உண்டு. நான் இடம் பிடிக்க ஓடியது அதற்கு இல்லை.

ஜெட் பிளேன் என்று ஒன்று வந்து கொஞ்ச வருஷமே ஆகியிருந்த காலம் அது. என் மகள் பார்வதி லண்டனில் புருஷனோடு இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. பேறு பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். என் மகன் வயிற்றுப் பேத்தி கோமதிக்கு அதே லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கப்பலில் போவதாகத்தான் பேச்சு. கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோமதி மதராஸ் ஹாஸ்டல் படிக்கட்டில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கப்பல் போய்விட்டது.

கட்டைப் பிரித்தபோது படிப்பு தொடங்க ஒரு வாரம்தான் பாக்கி. பிளேனை விட்டால் வழியில்லை. படிக்கிற பிள்ளை என்று அவள் டிக்கெட்டில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தார்கள். என் டிக்கெட்டை மருமகன் அனுப்பிவிட்டார்.

டாக்டர் ஒன்றுதான் சொன்னார். "பயணம் போகலாம். ஆனா முட்டிய மடக்கிக் காலத் தொங்கப் போட்டு ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. நீர் கோத்து வீங்கிரும். வீங்கினா மறுபடி ஒரு மாசம் படுக்கைதான்."

அந்த லண்டன் ஆஸ்பத்திரிக்காரர்கள் போன மறுநாளே உடம்பைப் பரிசோதிப்பார்களாம். நின்று வேலை பார்க்க முடியாதவளைச் சேர்க்க மாட்டார்களாம். கோமதி இதைச் சொல்லிவிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெண்பிள்ளையைச் சீமைக்கு அனுப்ப மாட்டேன் என்று முரண்டு பிடித்த அவள் அப்பனை அவள் எத்தனை நாள் பட்டினி கிடந்து இறங்கி வர வைத்தாள் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தால் அவன் மறுபடி அனுப்ப மாட்டான்.

"ஏட்டி, திரும்பு. உன் கால மடங்காமக் கொண்டுபோய்ச் சேக்குறது என் பொறுப்பு" என்றேன்.

"பிளேனப் பத்தி உங்களுக்கு என்ன ஆச்சி தெரியும்?"

"உக்காருற எடம்தானட்டி? பஸ்ஸுன்னா என்ன, பிளேனுன்னா என்ன?"

கோவில்பட்டி ஸ்டேஷனில் மத்தியான வண்டி. மதராஸ் முந்நூற்றைம்பது மைல் சொச்சம். வண்டி நிற்பதற்கு முன்பே என் மகன் கூட ஓடி, தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியே பலகையில் வீசிவிட்டான். பிறகென்ன, நாங்கள் நிதானமாக ஏறினோம். துண்டு விழுந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு துணி வியாபாரி, காசிம் பாய் என்று பேர், பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். துண்டைப் பார்த்து நின்றவர்தான். கோமதி டிரங்குப் பெட்டி மேல் காலை நீட்டிக்கொண்டாள். நான் ஒடுங்கிக்கொண்டு பாய்க்கு ஒரு சாண் இடம் விட்டேன்.

சாத்தூர் தாண்டியதும் ஊர்ப்பேச்சு வந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டவர், சொன்னதும் கண்ணை அகல விரித்தார்.

"சீமைக்கா? பிளேனுலயா? நான் ஒருக்க பம்பாய்க்குப் பிளேனுல போயிருக்கேன் ஆச்சி. சின்னப் பிளேனு. முட்டி போய் முன் சீட்டுல இடிக்கும். இந்தப் பிள்ளை கால எங்கன நீட்டும்?"

"நீங்கதான் சொல்லுங்களேன்."

"முன்னால செவர ஒட்டி ஒரு வரிசை உண்டு. அதுக்கு முன்னால சீட்டு கிடையாது. அதப் பிடிச்சியள்னா கால நீட்டலாம்."

"பிடிச்சிட்டாப் போச்சு" என்று துண்டை மடித்துப் பையில் வைத்தேன்.

பாய் சிரித்தார். "பிளேனுல ஜன்னல் தெறக்காது ஆச்சி. துண்ட எப்படிப் போடுவிய?"

"வாசல் உண்டுல்லா?"

விருதுநகரில் அவர் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டணா டீ. அதில் அரையணாவுக்கு மேல் பாலைக் காணோம்.

மதராஸிலிருந்து பம்பாய்க்கு ஒன்றரை நாள் ரயில். அதில் படுக்கையே கிடைத்துவிட்டது. பம்பாய் டாக்சிக்காரன் ஏரோப்பிளேன் நிலையத்துக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டபோது பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவனிடம் கோமதி இங்கிலீஷில் விசாரித்தாள். எங்கள் வகுப்புக்கு இருக்கை நம்பர் கிடையாது, ஏறுகிறவர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டான்.

என் காதில் தேன் பாய்ந்தது.

கதவைத் திறந்து எங்களைத் தரையில் விட்டார்கள். கொஞ்ச தூரத்தில் அது நின்றது. அதுவரை நான் ஏரோப்பிளேனை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். அது பருந்து போலப் போகும். இப்போது அதன் வயிற்றுக்குக் கீழே நான் நிற்கிறேன். எங்கள் ஊர் மில் கட்டடத்தைச் சக்கரத்தின் மேல் தூக்கி வைத்து, வெள்ளி முலாம் பூசி, இரண்டு பக்கமும் றெக்கை கட்டிவிட்டது மாதிரி இருந்தது. இதை மனுஷன் செய்தான் என்பதை நம்புவதா, இது பறக்கும் என்பதை நம்புவதா? கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் ஒரு துரை என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். அவரைக் கும்பிட்டதாக நினைத்துவிட்டார், பாவம்.

நின்று பார்க்க நேரமில்லை. இடம் போய்விடும். "நீ மெதுவா வா" என்று கோமதியிடம் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். இரண்டு ஏணி இருந்தது. ஒன்றில் கூட்டம், ஒன்றில் ஆளே இல்லை. ஆளில்லாத ஏணியில் ஏறிவிட்டேன்.

உள்ளே போனால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுவார்களே, அந்த மாதிரி நாற்காலிகள். கால் புதைகிற ஜமக்காளம். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு இடம். இதையா பாய் முட்டி இடிக்கும் என்றார்? அவர் போனது சின்னப் பிளேன் இல்லையா என்று எண்ணிக்கொண்டு, முதல் வரிசையில் இரண்டு நாற்காலி சேரும்படி துண்டை விரித்தேன். அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டு, கோமதியைக் கூப்பிட வாசலுக்குத் திரும்பினேன்.

துண்டு போட்ட இடத்தில் கலெக்டரே வந்தாலும் உட்கார மாட்டார் என்று நினைத்தது என் தப்பு. நான் வாசலை எட்டவில்லை. தொப்பி தூக்கிய அதே துரை பின்னாலேயே வந்து, துண்டை எடுத்து நாலாக மடித்து, மிகுந்த மரியாதையோடு என் கையில் கொடுத்துவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்துவிட்டார். நான் தவறவிட்டுவிட்டேனாம், எடுத்துக் கொடுத்தாராம்.

"ஏலே, அது எடம் பிடிச்ச துண்டுலே!" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நன்றி சொல்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

நீலச் சேலை கட்டிய பணிப்பெண் ஒருத்தி ஓடி வந்து, என் தோளைத் தொட்டு, இது பணக்கார வகுப்பு என்பதைக் கையாலேயே சொல்லி, ஒரு திரையை விலக்கி என்னைப் பின்பக்கம் அனுப்பினாள். அங்கே எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். சுவரை ஒட்டிய வரிசையில் ஒரு சர்தார்ஜி, அவர் மனைவி, மடியில் கைக்குழந்தை. மூன்றாவது இருக்கையில் பிள்ளைத்துணி மூட்டை. கடைசிக்கு முந்தின வரிசையில் கோமதி நடு இருக்கையில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். முட்டி முன்னிருக்கையில் முட்டிக்கொண்டிருந்தது. பாய் சொன்னது பொய்யில்லை.

"எங்க ஆச்சி போனிய?"

"முன்னால ஒரு எடம் பாத்தேன். நமக்குத் தோதுப்படல" என்று சொல்லி, துண்டைப் பையில் திணித்தேன்.

மிட்டாயும் பஞ்சும் கொண்டுவந்தார்கள். மிட்டாய் சப்ப, பஞ்சு காதில் வைக்க. பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்தேன். நல்ல இழை. எங்கள் காட்டுக் கருங்கண்ணிப் பருத்திக்கு ஒரு மாற்றுக் குறைவுதான். காதில் வைக்க மனசில்லாமல் முந்தியில் முடிந்துகொண்டேன். அப்புறம் அந்தச் சத்தம் வந்தது பாருங்கள், முடிச்சைப் பல்லாலேயே அவிழ்த்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன்.

ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று அடியில் ஒன்றும் இல்லை. ஜன்னலில் பம்பாய் சாய்ந்தது, கடல் சாய்ந்தது. அத்தனை பெரிய ஊர் கொலுப்படியில் வைக்கலாம் போல ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மேகம் எங்களுக்குக் கீழே போய்விட்டது. எங்கள் ஊரில் ஒரு மேகத்துக்காக வைகாசியிலிருந்து வானத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்கும். இங்கே இத்தனையும் அடியில் சும்மா கிடக்கிறது, யாருக்கும் பெய்யாமல். மேல்பக்கம் வெயில்பட்டு அது மின்னுகிற அழகை எந்தச் சம்சாரியும் பார்த்திருக்க மாட்டான். நான் பார்த்தேன்.

மூன்று மணி நேரம் போயிருக்கும். கோமதி பேசுவதை நிறுத்திவிட்டாள். பாவாடை மேலிருந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

"வலிக்காட்டி?"

"இல்ல ஆச்சி." கண்ணில் நீர் நின்றது. "இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு. நாளைக்கு என்னால நிக்க முடியாது. என்னத் திருப்பி அனுப்பிருவாவ."

பணிப்பெண்ணிடம் கேட்டாள். எல்லா இருக்கையும் நிறைந்துவிட்டது, மூட்டை இருக்கிற இருக்கையும் குழந்தைக்காகக் காசு கொடுத்து எடுத்தது என்று அவள் வருத்தப்பட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். நடைபாதையில் காலை நீட்டினால் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கோமதியை மடக்கச் சொன்னார்கள்.

இதற்கு நடுவில் அந்தக் குழந்தை. ஏறியதிலிருந்து ஓயாத அழுகை. சுவரில் தொட்டில் ஒன்று மாட்டிக் கொடுத்திருந்தார்கள். அதில் போட்டால் இன்னும் உயரத்தில் கத்தியது. அப்பன் தூக்கினான், அம்மா தூக்கினாள், பணிப்பெண் கிலுகிலுப்பை ஆட்டினாள். பிளேன் முழுக்க ஒருவருக்கும் தூக்கம் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு பேறு பார்த்தவளுக்கு அந்த அழுகை என்னவென்று தெரியாதா? வயிற்றில் வாயு.

எழுந்து முன்னால் போனேன். அந்தத் தாய்க்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. கையை நீட்டினேன். களைத்துப் போயிருந்தவள் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். நான் அந்தச் சுவருக்கும் இருக்கைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து நீட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டப் போடுவோமே, அப்படிக் கணுக்கால் மேல் குப்புறப் போட்டேன். காலை மெல்ல ஆட்டிக்கொண்டே முதுகை நீவினேன். அந்தப் பிள்ளை முதலில் அதிர்ந்தது. அப்புறம் முன்னாலும் பின்னாலும் சத்தமாக வாயு பிரிந்தது. அப்புறம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டது.

பிளேனே மூச்சு விட்டது. யாரோ ஒருவர் கையைத் தட்டினார், பக்கத்து ஆள் அவரை அடக்கினார்.

பணிப்பெண் வந்து குனிந்தாள். தரையில் உட்காரக் கூடாதாம், என் இடத்துக்குப் போகவேண்டுமாம். சரி என்று பிள்ளையைத் தூக்கித் தாய் கையில் கொடுத்தேன். கொடுத்த மாத்திரத்தில் வீறிட்டது. திரும்ப வாங்கிக் காலில் போட்டேன், அடங்கியது. பணிப்பெண்ணைச் சுற்றி நாலைந்து தலைகள் எழுந்தன. எந்த நாட்டுப் பேச்சாக இருந்தாலும், கிழவியை விட்டுவிடு என்பது முகத்திலேயே தெரிந்தது.

கோமதி நொண்டிக்கொண்டே வந்து நின்றாள். "ஆச்சி, பெல்ட் போடச் சொன்னா மட்டும் எந்திரிச்சு சீட்டுல உக்காரணுமாம். மத்த நேரம் இருக்கலாமாம்."

"சரி. இவியகிட்ட நான் ஒண்ணு கேக்கணும். பிள்ளை எங்கிட்ட இருக்கணும்னா என் பிள்ளை என் பக்கத்துல இருக்கணும். சொல்லு."

கோமதிக்கு முகம் செத்துவிட்டது. "அத எப்படி ஆச்சி கேக்குறது? அவிய முன்னாலேயே வந்து உக்காந்தவிய. வெக்கமா இருக்கு."

"வெக்கப்பட்டா வீக்கம் வத்துமாட்டி?"

"நான் கேக்க மாட்டேன்."

படித்த பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எட்டி அவள் பாவாடையை முட்டிவரை தூக்கிவிட்டேன். ஐயோ ஆச்சி என்று அவள் கத்தினாள். அந்தத் தாய் குனிந்து பார்த்தாள். வீங்கி, தழும்போடு, பளபளவென்று இருந்தது. அவள் உச்சுக் கொட்டினாள். அது எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான். பிறகு புருஷனைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள். என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறடி ஆள், தலைப்பாகை தட்டத் தட்ட எழுந்து, கோமதிக்குக் கையைக் காட்டிவிட்டு, கடைசிக்கு முந்தின வரிசை நடு இருக்கையைப் பார்த்து நடந்தார். நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். முட்டி இரண்டும் தாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் மனுஷன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் தூக்கமோ.

மூன்றாவது இருக்கை மூட்டையை எடுத்துக் கோமதியின் காலுக்கு முட்டுக் கொடுத்தோம். கால் நேராக நீண்டது. அவள் கண்ணை மூடினாள். காலி இருக்கை என்னுடையது. உட்கார்ந்து பார்த்தேன். காலைத் தொங்கப் போட்டால் எனக்குக் குறுக்கு வலிக்கிறது. தரையே சுகம் என்று இறங்கிவிட்டேன்.

கெய்ரோவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டது. அங்கே போகும் வழியெல்லாம் அடியில் மணல். எங்கள் கரிசல் காடு கோடையில் கறுத்து வெடித்துக் கிடக்கும். ஆனாலும் ஒரு மழை பெய்தால் கம்பு முளைக்கும் என்று நம்பலாம். இதுவோ நம்பிக்கைக்கே இடமில்லாத மஞ்சள், பார்த்த கண்ணுக்கு எல்லையே இல்லை. உலகத்தில் இவ்வளவு தரிசு உண்டென்று தெரிந்திருந்தால் எங்கள் நிலத்தை நான் வைதிருக்க மாட்டேன்.

ரோமாபுரி தாண்டியதும் அந்தத் தாய் என் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினாள். பனிமலை. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பைக் குவித்து வைத்திருப்பார்களே, வெயிலில் கண் கூசுமே, அந்தக் குவியல்கள் மலை மலையாக, ஒன்றன் பின் ஒன்றாக, வானம் முடிகிற வரைக்கும். யார் அள்ளிக் குவித்தது? எதற்கு? பிள்ளையைத் தூக்கி ஜன்னலில் காட்டினேன். அதுவும் அழாமல் பார்த்தது.

"ஆச்சி, மணி என்ன தெரியுமா?" என்று கோமதி கைக்கடிகாரத்தைக் காட்டினாள். அது நம் ஊர் நேரம். "ராத்திரி ஏழு."

வெளியே நடுப்பகல் வெயில். கோவில்பட்டியில் விளக்கேற்றிக் கோழியை அடைத்திருப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வீடு வந்து உலை வைத்திருப்பார்கள். நாங்கள் மட்டும் சூரியனைப் போகவிடாமல் பின்னாலேயே விரட்டிக்கொண்டு போகிறோம். பொழுதையே கொஞ்சம் நிற்க வைக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு அந்தப் பகல் எங்களுக்காக நீண்டது.

லண்டனில் மழை. ஏணியில் கோமதி யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். கடைசிப் படியில் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி பையைச் சரிசெய்தேன். அந்தப் பஞ்சாபித் தாய் ஓடி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கட்டையான ஒரு வெள்ளைக்கார அம்மாள் முட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். முக்காலி மேல் ஏறச் சொன்னாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். கோமதி நின்றாள். எனக்குத்தான் உட்கார வேண்டும்போல் இருந்தது. அந்த அம்மாள் ஏதோ சொல்லி நர்சுகள் போடுகிற வெள்ளைத் தொப்பி ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

பார்வதிக்குப் பெண் பிறந்து நாலு மாதம் கழித்து, நான் கப்பலில் திரும்பினேன். அதில் படுத்தே வரலாம், சொல்ல ஒன்றும் இல்லை. ஊர் வந்த அன்றே தெரு முழுக்கக் கூடிவிட்டது. சீமையில் வீடெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும், வாசலில் உட்கார்ந்து பேச ஆள் கிடையாது, வெயிலுக்கு ஆசைப்பட்டு அழுவார்கள் என்று சொன்னேன். வெயிலுக்கு ஆசையா என்று சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மட்டும் விஷயத்துக்கு வந்தாள்.

"பிளேன விடுங்க மதினி. அந்தப் பிள்ளை கோமதி எப்படி இருக்கா? காலு தேவலையா?"

"அத ஏன் கேக்குற பேச்சி" என்றேன். "உக்கார எடம் பிடிக்க ஒரு துரைகிட்டத் தோத்து, ஒரு சர்தார எழுப்பி, தரையில உக்காந்து, நாலாயிரம் மைல் அந்தக் காலத் தாங்கிட்டுப் போய்ச் சேத்தேன். இப்பம் அங்கன அவளுக்கு வேலை என்ன தெரியுமா? விடிஞ்சதுலேருந்து பொழுது அடையுற வரைக்கும் நிக்கது. உக்காந்தா வைவாவளாம்."